காசுக்கேற்ற பர்கர் வேண்டுமா? எடையை எழுதிப் போடச் சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காட்பாடி சாலை, காந்தி நகர், சத்துவாச்சாரி என்று வேலூரில் பர்கர் கடைகள் பெருகிவிட்டன. கூடவே ஒரு கேள்வியும் பெருகிவிட்டது: "ஒரு பன்னுக்குள் ஒரு கட்லெட்டை வைத்துக் கொடுத்துவிட்டு 250 ரூபாயா?" நியாயமான கேள்விதான். ஆனால் கேட்பவர்கள் விலைப்பட்டியலின் வலது ஓரத்தை மட்டும் பார்த்துக் கேட்கிறார்கள். பேக்கரி அடுப்பிலும் உணவகச் சமையலறையிலும் வேலை பார்க்கிறவர்கள் என்ற முறையில் எங்கள் கருத்து இது: 250 ரூபாய் பர்கர் சில கடைகளில் நியாயம், 99 ரூபாய் பர்கர் பல கடைகளில் அநியாயம். உள்ளே இருக்கும் பேட்டீஸின் (பன்னுக்கு நடுவில் வைக்கும் தட்டையான கறி வட்டத்தின்) எடை என்ன, அதை எங்கே எதை வைத்துச் செய்தார்கள் என்று தெரியாமல் விலையைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை.

கணக்கைப் பார்த்துவிடுவோம். கடையிலேயே செய்யும் சிக்கன் பேட்டீஸுக்கு எலும்பில்லாத தொடைக்கறி ஒரு கிலோ, பொடியாக நறுக்கித் தண்ணீர் பிழிந்த வெங்காயம் 120 கிராம், பிரெட் தூள் 80 கிராம், முட்டை ஒன்று, இஞ்சி பூண்டு விழுது 20 கிராம், உப்பு 12 கிராம், மிளகுத்தூள் 5 கிராம், கொஞ்சம் கொத்தமல்லி வேண்டும். கலந்தால் 1,300 கிராமுக்குச் சற்றுக் குறைவாக வரும். கையிலும் பாத்திரத்திலும் ஒட்டுவது போக 120 கிராமில் பத்து தேறும். எலும்பில்லாத கறி கிலோ 350 ரூபாய் என்று வைத்தால், மற்றதெல்லாம் சேர்த்து ஒரு பேட்டீஸின் அடக்கம் 40 ரூபாய். நாலு அங்குல பன் மொத்த விலையில் 10, ஒரு சீஸ் ஸ்லைஸ் 12, மயோனைஸ் 3, தக்காளி வெங்காயம் லெட்டியூஸ் 6, பன்னை வாட்ட வெண்ணெய் 3, எண்ணெய் 2, அட்டைப் பெட்டியும் டிஷ்யூவும் 8. ஆக 84 ரூபாய். சந்தை நிலவரப்படி ஐந்து பத்து ஏறி இறங்கும்.

உணவகத் தொழிலில் சரக்குச் செலவு விற்பனை விலையில் நூற்றுக்கு முப்பதிலிருந்து நாற்பதுக்குள் இருந்தால்தான் கடை நிற்கும். நாற்பது என்றே வைத்துக்கொண்டால் இந்தப் பர்கரை 210 ரூபாய்க்கு விற்க வேண்டும். அதில் சரக்கு 84, ஆள் கூலி 42, வாடகை 25, வணிகச் சிலிண்டரும் மின்கட்டணமும் 20, வீணாவது ஒரு 9. மிஞ்சுவது 30 ரூபாய். இதில் யாரும் கொள்ளை அடிக்கவில்லை. ஏசி, மேசை நாற்காலி, பரிமாறும் ஆள் என்று இருக்கும் இடத்தில் இதே பண்டம் 250 ஆவதும் புரிந்துகொள்ளக் கூடியதுதான்.

இனி 99 ரூபாய் பர்கர். பெரும்பாலும் இது உறைநிலையில் பாக்கெட்டாக வரும் பேட்டீஸ். ஒன்று 60 கிராம், விலை 18 முதல் 20 ரூபாய். சிறிய பன் 6, பொரிக்கும் எண்ணெய் 3, முட்டைக்கோஸ் 2, மயோனைஸும் தக்காளி சாஸும் 4, சுற்றும் தாள் 2. மொத்தம் 35 முதல் 37 ரூபாய். விற்பனை விலையோடு ஒப்பிட்டால் விகிதம் மேலே சொன்ன நல்ல பர்கருக்குக் கிட்டத்தட்ட சமம். ஆனால் சாப்பிடுகிறவர் பக்கமிருந்து பாருங்கள். அந்த 60 கிராமில் பாதிதான் கோழி என்றால் 30 கிராம் கோழிக்கு 99 ரூபாய் கொடுக்கிறீர்கள். கிராமுக்கு மூன்று ரூபாய் முப்பது காசு. 210 ரூபாய் பர்கரின் 120 கிராம் பேட்டீஸில் சுமார் 93 கிராம் கோழி இருக்கிறது. கிராமுக்குச் சுமார் இரண்டு ரூபாய் இருபத்தைந்து காசு. மலிவு என்று வாங்குவதுதான் விலை கூடியது.

பாதிதானா, அதைவிடக் கூடவா என்பது பாக்கெட்டுக்குப் பாக்கெட் மாறும். தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. பொட்டலத்தில் அடைத்த உணவில் சேர்மானங்களை எடை அதிகமானதிலிருந்து குறைவானது என்ற வரிசையில் அச்சிட வேண்டும் என்பது சட்டம். சூப்பர் மார்க்கெட் ஃப்ரீசரில் இருக்கும் அதே வகைப் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். கோழிக்கு அடுத்தபடி தண்ணீர், சோயா புரதம், மாவுச்சத்து, பிரெட் தூள், எண்ணெய் என்று எந்த வரிசையில் வருகிறது, கோழி எத்தனை சதவீதம் என்று போட்டிருக்கிறார்களா என்று பார்த்தால் போதும். கடையில் தட்டுக்கு வந்துவிட்ட பர்கரையும் கண்ணாலேயே சொல்லலாம். குறுக்கே கடித்த இடத்தில் கறியின் நார் தெரியாமல் எல்லாப் பக்கமும் ஒரே வெளிறிய நிறத்தில் பஞ்சுபோல் இருந்தால், ஓரம் அச்சில் வார்த்த மாதிரி வட்டமாக இருந்தால், மேலே ஆரஞ்சு நிறத் தூள் ஒரே சீராக ஒட்டியிருந்தால் அது பாக்கெட் சரக்கு. பாக்கெட் சரக்கு விற்பது குற்றமில்லை. அதைக் "கைச்செய்முறை" என்று பலகையில் எழுதி 180 ரூபாய்க்கு விற்பதைத்தான் ஏற்க முடியவில்லை.

நாடு முழுக்கக் கிளை பரப்பிய சங்கிலிக் கடைகளைப் பற்றி இரண்டு வார்த்தை. அங்கே நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு வாடகைக்கும் விளம்பரத்துக்கும் எல்லா ஊரிலும் ஒரே மாதிரி வர வேண்டும் என்ற ஏற்பாட்டுக்கும் போகிறது. பண்டம் சிறியது, ஆனால் தவறு குறைவு. எண்ணெயின் சூடும் பொரிக்கும் நேரமும் இயந்திரத்தில் கட்டப்பட்டிருக்கும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கடை வைத்திருப்பவர்கள் விலைப்பட்டியலில் கலோரி அளவையும் காட்ட வேண்டும் என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2020 விதி சொல்கிறது. கலோரி எழுத முடிந்தவர்களுக்கு கறியின் எடையை எழுதுவது பெரிய காரியமில்லை என்பதை இங்கே குறித்துவைக்கிறோம். 2023 ஜூலையில் தக்காளி விலை எகிறியபோது வட மாநிலங்களில் சில சங்கிலிக் கடைகள் பர்கரிலிருந்து தக்காளியையே எடுத்துவிட்டன. ஆக, அவர்களும் கிராம் கணக்குப் பார்த்துத்தான் விற்கிறார்கள். வாங்குகிறவர்களுக்கு மட்டும் அந்தக் கணக்கைக் காட்டுவதில்லை.

கடையிலேயே செய்கிறேன் என்று சொல்வோரும் எல்லாரும் சரியாகச் செய்வதில்லை. எங்கள் ஊரில் காசு வீணாவது பெரும்பாலும் இங்கேதான்.

முதல் தவறு கறியிலேயே ஆரம்பிக்கிறது. கோழியின் நெஞ்சுப் பகுதியில் கொழுப்பு மிகக் குறைவு; அரைத்துச் சுட்டால் மரத்தூள் மாதிரி ஆகிவிடும். தொடைக்கறிதான் சரி. இரண்டாவது, மிக்ஸியில் அரைப்பது. பிளேடின் சூட்டில் கொழுப்பு உருகிக் கறி பசையாகிவிடும். வெந்தபின் ரப்பர்போல் துள்ளும். கறிக்கடையில் கத்தியால் கொத்தி வாங்குவது மிக்ஸியைவிட எவ்வளவோ மேல். அரைக்கும் இயந்திரம் இருந்தால் அதன் தட்டையும் கத்தியையும் அரை மணி நேரம் ஃப்ரீசரில் வைத்து, கறியைச் சில்லென்று இருக்கும்போதே அரைக்க வேண்டும். உப்பு சேர்த்தபின் பரோட்டா மாவு மாதிரி பிசைந்தாலும் அதே ரப்பர்தான் வரும். உப்பு கறியின் புரதத்தைக் கரைத்துப் பசையாக்குகிறது, பிசையப் பிசைய அது இறுகுகிறது. கோழிக் கொத்துக்கறிக்குப் பிடிமானம் கொஞ்சம் தேவை என்பதால் உப்பை உள்ளே சேர்க்கலாம், ஆனால் சேர்ந்ததும் கையை எடுத்துவிட வேண்டும். ஆட்டுக்கறி, மாட்டுக்கறி என்றால் உப்பை உள்ளே போடவே வேண்டாம். கல்லில் போடுவதற்குச் சற்று முன் மேலே தூவினால் போதும்.

வெங்காயத்தைப் பிழியாமல் போட்டால் அது விடும் தண்ணீரில் பேட்டீஸ் வேகும், சிவக்காது. 10 செ.மீ. பன்னுக்கு 10 செ.மீ. பேட்டீஸ் தட்டினால் வெந்ததும் சுருங்கி நடுவில் குவிந்து உருண்டையாகிவிடும். பன்னின் ஓரமெல்லாம் வெறும் பன். குறுக்களவு 11 செ.மீ., கனம் 1.2 செ.மீ. என்று தட்டி, நடுவில் கட்டை விரலால் லேசாக ஒரு குழி வைத்தால் வெந்தபின் தட்டையாக, பன்னுக்குச் சரியாக உட்காரும். தட்டியதை அரை மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு, நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் மிதமான தீயில் ஒரு பக்கம் நாலு நிமிடம், மறுபக்கம் மூன்றரை முதல் நாலு நிமிடம். திருப்பியால் அழுத்தக் கூடாது. அழுத்தும்போது வரும் அந்தச் சத்தம் வாடிக்கையாளர் காசு கொடுத்த சாறு கல்லில் எரியும் சத்தம்.

வெந்துவிட்டதா என்பதை நிறத்தை வைத்து முடிவு செய்யக் கூடாது. கோழி நடுப்பகுதியில் 74 டிகிரி செல்சியஸ் தொட வேண்டும். ஆட்டு, மாட்டுக் கொத்துக்கறி 71 டிகிரி. முழுத் துண்டு ஆட்டு, மாட்டுக் கறியில் கிருமி பெரும்பாலும் மேற்பரப்பில் இருக்கும், சுட்டால் போய்விடும். கொத்தும்போது மேலே இருந்தது உள்ளே போய்விடுகிறது. ஆகவே "நடுவில் கொஞ்சம் பச்சையாக இருக்கட்டும்" என்ற கதை பர்கருக்குப் பொருந்தாது. குத்திப் பார்க்கும் வெப்பமானி சில நூறு ரூபாய்தான். அது இல்லாத சமையலறையில் 250 ரூபாய் பர்கர் வாங்கத் தயங்கலாம்.

பன் விஷயத்தில் வேலூர் வெயில் ஒரு தனிப் பிரச்சினை. ஒரு கிலோ மைதா, சர்க்கரை 100 கிராம், வெண்ணெய் அல்லது எண்ணெய் 80 கிராம், உப்பு 18 கிராம், உலர் ஈஸ்ட் 10 கிராம், தண்ணீர் 580 மில்லி. இதில் 60 கிராம் உருண்டையாக இருபத்தெட்டு, இருபத்தொன்பது பன் வரும். பிசைந்து முடிக்கும்போது மாவின் சூடு 26 டிகிரியில் நிற்க வேண்டும். பேக்கரிக்காரர்கள் போடும் கணக்கு: 26 ஐ மூன்றால் பெருக்கி, அதிலிருந்து அறையின் சூடு, மைதாவின் சூடு, பிசையும் உராய்வில் ஏறும் சூடு மூன்றையும் கழித்தால் தண்ணீரின் சூடு கிடைக்கும். மே மாதம் அறை 38, மைதா 36, உராய்வு 6 என்றால் விடை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடும். அதாவது தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கை உடைத்த ஐஸாகவே போட்டாக வேண்டும். போடாத கடையில் மாவு அளவுக்கு மீறிப் பொங்கி, பன் அகலமாகத் தட்டையாக, மேலே சுருக்கம் விழுந்து, உள்ளே பெரிய ஓட்டைகளோடு, புளிப்பு வாடையோடு வரும். அந்தப் பன் இரண்டாவது கடியிலேயே கையில் பிய்ந்துவிடும். 190 டிகிரியில் 14 முதல் 16 நிமிடம் சுட்டு, ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுப் பொட்டலம் கட்ட வேண்டும். சூட்டோடு கட்டினால் உள்ளே வேர்த்து மறுநாளே பூசணம். ரொட்டி மாவில் பொட்டாசியம் புரோமேட் சேர்ப்பது 2016 இலிருந்தே தடை. மொத்தமாகப் பன் வாங்கும் கடைக்காரர் பேக்கரியிடம் இதைக் கேட்டு வாங்குவது நல்லது. "பிரியோஷ் பன்" என்று 40 ரூபாய் கூடுதல் வாங்குகிறார்களே, பிரியோஷ் என்றால் முட்டையும் வெண்ணெயும் தாராளமாக விழுந்திருக்க வேண்டும். மஞ்சள் நிறமும் மார்ஜரினும் போட்டால் அது மஞ்சள் பன், அவ்வளவுதான்.

பன்னின் வெட்டுப் பக்கம் இரண்டிலும் வெண்ணெய் தடவிக் கல்லில் ஒரு நிமிடம் வாட்டினால் சாறு உள்ளே இறங்காது. பலர் நேரம் மிச்சம் என்று இதைத்தான் விட்டுவிடுகிறார்கள். கீழ்ப் பன்னில் மயோனைஸ், அதன்மேல் நன்றாக ஈரம் துடைத்த லெட்டியூஸ், அதன்மேல் கல்லிலேயே சீஸ் போட்டு உருக்கிய பேட்டீஸ், பிறகு வெங்காயம், தக்காளி, மேல் பன்னில் சாஸ். தக்காளியைக் கீழே வைத்தாலோ உப்புத் தூவி முன்கூட்டியே வெட்டி வைத்தாலோ கீழ்ப் பன் ஊறிக் கூழாகும். லெட்டியூஸுக்குப் பதில் முட்டைக்கோஸ் போட்டால் எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. வெயில் காலத்தில் வாடிய லெட்டியூஸைவிட முறுமுறுப்பான முட்டைக்கோஸ் மேல். ஆனால் படத்தில் லெட்டியூஸ் காட்டக் கூடாது.

கொத்துக்கறிக்குப் பதில் முழுத் தொடைத் துண்டை மாவில் புரட்டிப் பொரித்து வைக்கும் பர்கர் இருக்கிறதே, எங்களைக் கேட்டால் கொடுக்கிற காசுக்கு அதுதான் ஏமாற்றம் குறைந்தது. நார் கண்ணுக்குத் தெரியும். சோயாவை ஒளித்துவைக்க இடமில்லை. 110 கிராம் துண்டை லேசாகத் தட்டி, கிலோவுக்கு 15 கிராம் உப்புப் போட்ட மோரில் நாலு மணி நேரம் ஃப்ரிட்ஜில் ஊறவைத்து, மூன்று பங்கு மைதாவும் ஒரு பங்கு சோளமாவும் கலந்ததில் புரட்டி, மறுபடி மோரில் நனைத்து, மறுபடி மாவில் புரட்டி, பத்து நிமிடம் தட்டில் வைத்துவிட்டு 170 டிகிரி எண்ணெயில் ஆறேழு நிமிடம் பொரிக்க வேண்டும். அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுக்காவிட்டால் மேலோடு தனியாகக் கழன்று எண்ணெயில் மிதக்கும். ஒரே நேரத்தில் சட்டி நிறையத் துண்டுகளைப் போட்டால் சூடு சட்டென்று இறங்கி மாவு எண்ணெயைக் குடிக்கும். எண்ணெயைப் பற்றி ஒன்று: பொரித்துப் பொரித்து எண்ணெயில் சேரும் போலார் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதால் உண்டாகும் பொருள்கள்) 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள விதி. கருத்து, பிசுபிசுத்து, நுரை அடங்காமல், வழக்கத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே புகைய ஆரம்பித்தால் அதன் காலம் முடிந்துவிட்டது. சமையலறை கண்ணுக்குத் தெரியும்படி இருக்கும் கடைகளில் இதை நின்ற இடத்திலிருந்தே பார்க்கலாம்.

மயோனைஸ் விஷயத்தில் தயக்கம் வேண்டாம். பச்சை முட்டையில் செய்த மயோனைஸுக்குத் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை போட்டது காரணமில்லாமல் இல்லை. சால்மொனெல்லா போன்ற கிருமிகளுக்குப் பச்சை முட்டையும் எங்கள் ஊர் வெயிலில் மேசைமேல் நிற்கும் பாட்டிலும் போதும். முட்டையில்லாமல் வீட்டிலேயே செய்யலாம்: சில்லென்ற பால் 125 மில்லி, வாசனையில்லாத எண்ணெய் 240 மில்லி, உப்பு, கால் தேக்கரண்டி கடுகுத்தூள். பாலை மிக்ஸியின் சின்ன ஜாரில் ஓடவிட்டு எண்ணெயை நூல்போல் ஊற்றி, கெட்டியானதும் ஒரு தேக்கரண்டி எலுமிச்சைச் சாறு. பால் சூடாக இருந்தாலோ எண்ணெயை ஒரேயடியாகக் கொட்டினாலோ திரிந்துவிடும். ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளைக்குள் தீர்த்துவிட வேண்டும்.

உருளைக்கிழங்கு வைத்த சைவ பர்கர் 100 ரூபாய்க்கு மேல் போனால் அது யானை விலை, குதிரை விலை. உள்ளே இருப்பது உருளைக்கிழங்கு மசியல். அடக்கம் ஏழெட்டு ரூபாய். பனீர் துண்டு 80 கிராம் வைத்தால் 30 ரூபாய்க்கு மேல் அடக்கம் ஆகும், அதற்கு 160 வரை கொடுக்கலாம். உருளைக்கிழங்குக்கு 130, 140 என்று பில் போடுவதை எந்தக் கணக்கிலும் நியாயப்படுத்த முடியவில்லை. புவிசார் குறியீடு பெற்ற நம் இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயை இரண்டு செ.மீ. கனத்தில் வட்டமாக வெட்டி, உப்புப் பிசிறிக் கால் மணி நேரம் வைத்துத் துடைத்து, மேலே சொன்ன அதே மாவில் புரட்டிப் பொரித்துப் பன்னில் வைத்துப் பார்க்கட்டும் யாராவது ஒரு கடைக்காரர். பிரியாணிக்குத் தொட்டுக்கொள்ள மட்டும்தான் அது பிறந்ததா?

மட்டன் பர்கர் 180 ரூபாய் என்று பலகை கண்டால் எச்சரிக்கை. ஆட்டுக் கொத்துக்கறி கிலோ 900 ரூபாய்ப் பக்கம் இருக்கும்போது 120 கிராம் பேட்டீஸே 95 ரூபாய் ஆகிவிடும். மற்றதையும் சேர்த்தால் 140 ரூபாய் அடக்கம். மேலே சொன்ன கூலி, வாடகை, மற்றச் செலவுகளையும் கூட்டினால் 236 ரூபாய். அதற்குக் கீழே முழு மட்டன் கொடுக்கிறேன் என்பவர் ஒன்று நஷ்டத்துக்கு விற்கிறார், அல்லது அதில் வேறு ஏதோ கலந்திருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் மாட்டுக் கொத்துக்கறி மட்டனில் பாதி விலைக்கும் கீழே கிடைக்கிறது. சாப்பிடுகிறவர்களுக்குப் பர்கரின் மூலச் சுவையும் அதுதான். ஐந்தில் ஒரு பங்கு கொழுப்போடு கொத்தி வாங்கினால் பிரெட் தூளும் முட்டையும்கூடத் தேவைப்படாது. வெளிநாட்டில் இவ்வளவு, இங்கே இவ்வளவு என்று ஒப்பிடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. ஒரு பர்கரின் விலையை வைத்து நாடுகளின் பண மதிப்பை ஒப்பிட 1986 இல் 'தி எகனாமிஸ்ட்' இதழ் ஆரம்பித்த பிக் மாக் விலைக் குறியீட்டில் பல நாடுகளுக்கு மாட்டுக்கறி பர்கர் என்றால், இந்தியாவுக்கு மகாராஜா மாக் என்ற கோழி பர்கரை வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். பண்டமே வேறு.

காம்போ என்ற வலையில் விழாதீர்கள். பர்கர் 210, ஃபிரெஞ்சு ஃபிரைஸும் குளிர்பானமும் சேர்த்து 310 என்பார்கள். நூறு கிராம் உறைந்த உருளைத் துண்டுகளின் அடக்கம் 15 ரூபாய். குழாயில் பிடிக்கும் குளிர்பானம் ஒரு பங்கு சிரப்புக்கு ஐந்து பங்கு சோடாத் தண்ணீர், அதிலும் தம்ளரில் பாதி ஐஸ். கடைக்காரருக்கு மிஞ்சுவது பர்கரில் முப்பது ரூபாய் என்றால் இந்தக் கூடுதல் நூறில் அதைவிட இரண்டு மடங்கு. பர்கரை மட்டும் வாங்குங்கள். வீட்டில் ஃபிரைஸ் போட்டால் கருப்பாக வருகிறதே என்பவர்களுக்கு: குளிரில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறியிருக்கும், அது எண்ணெயில் கருகுகிறது. கிழங்கை ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள்.

வீட்டுக்கு வரவழைக்கும் பர்கர் எந்த விலைக்கும் லாயக்கில்லை என்பது எங்கள் கட்சி. விற்பனையில் நூற்றுக்கு 25 கமிஷன் போகிறது என்றால், 210 ரூபாய் கைக்கு வரக் கடைக்காரர் செயலியில் 280 என்று போட்டாக வேண்டும். அதற்குமேல் கொண்டுவரும் கட்டணம், செயலிக் கட்டணம், பேக்கிங் கட்டணம், வரி. கையில் வரும்போது 350 ஐத் தாண்டும். மூடிய அட்டைப் பெட்டிக்குள் தன் ஆவியிலேயே கால் மணி நேரம் வெந்து, வாட்டிய பன் மெத்தென்றும் பொரித்த மேலோடு தோல்போலும் ஆகியிருக்கும். வேறு வழியே இல்லை என்றால் சாஸையும் தக்காளியையும் தனியாகக் கேளுங்கள். வந்ததும் பிரித்து, பன்னையும் பேட்டீஸையும் காய்ந்த தோசைக்கல்லில் இரண்டு நிமிடம் போட்டு மறுபடி அடுக்குங்கள்.

பில்லையும் ஒருமுறை படியுங்கள். தனி உணவகங்களில் ஜிஎஸ்டி 5 சதவீதம். 2017 நவம்பரிலிருந்து ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அதுவே. பில்லில் பதினைந்து இலக்க ஜிஎஸ்டி எண் இல்லாவிட்டால் வரி வாங்க அவர்களுக்கு உரிமை இல்லை. காம்போசிஷன் திட்டத்தில் (விற்பனையில் ஒரு சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் ஏற்பாட்டில்) இருக்கும் சின்னக் கடைகளும் வாடிக்கையாளரிடம் தனியாக வரி வாங்கக் கூடாது. சேவைக் கட்டணத்தைத் தானாகப் பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் வழிகாட்டுதல் கொடுத்தது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. எடுக்கச் சொல்லுங்கள்; எடுக்காவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

வேலூர், இராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட உணவகக்காரர்களிடம் நாங்கள் வைப்பது ஒரே கோரிக்கை. கறிக்கடையில் எடை போட்டுத்தான் வாங்குகிறோம். இனிப்புக் கடையில் மக்கன் பேடாவையும் எடை போட்டுத்தான் வாங்குகிறோம். பர்கர் பலகையிலும் விலைக்குப் பக்கத்தில் பேட்டீஸ் எத்தனை கிராம், எந்தக் கறி, கடையில் செய்ததா பாக்கெட்டா என்ற மூன்றையும் எழுதிப் போடட்டும். சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஒழுங்காகச் செய்கிற கடைக்காரர் முதலில் எழுதினால் மற்றவர்கள் எழுதித்தான் ஆக வேண்டும். எழுதும்போது பச்சை எடையா, வெந்த எடையா என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பச்சையாக 120 கிராம் இருப்பது கல்லிலிருந்து எடுக்கும்போது 90, 95 கிராம்தான் இருக்கும். அது சுரண்டல் இல்லை, வெளியேறிய நீரும் கொழுப்பும். இதைச் சொல்லாமல் விட்டால் தராசோடு வரும் வாடிக்கையாளருக்கும் நேர்மையான கடைக்காரருக்கும் வீணாகச் சண்டைதான் வரும்.

இப்படிக்கு,
பேக்கரி, உணவகத் தொழிலில் உள்ள வாசகர்கள்,
சத்துவாச்சாரி, வேலூர்.